களைத்த உலோகம்

கண்டி யாழ்ப்பாண வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரிந்து செல்லும் இடம் மாங்குளம். வடபகுதிப் புகையிரதப் பாதையும் அவ்வூரின் வழியாகவே செல்கின்றது. 1905ஆம் ஆண்டில் அனுராதபுரத்தையும் யாழ்ப்பாணத்தையும் இணைத்து வன்னிக் காட்டினூடாக முதன்முதல் வண்டி ஓடிய நாள் தொட்டு, இரும்புச் சக்கரங்களின் ஓசை இவ்வூருக்குப் பழகிய ஓசையாயிற்று. 1956 ஏப்பிரிலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. 1990இல் போரினால் ஓய்ந்த அவ்வோசை, 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி வரை வண்டி மீண்டும் ஓடியபோதே திரும்பக் கேட்டது. நிலத்தில் இவ்வாறாக, வானத்திலோ 1947 டிசெம்பர் 10ஆம் நாள் எயர் சிலோன் நிறுவனத்தின் டகோட்டா விமானம் ஒன்று இரத்மலானையிலிருந்து புறப்பட்டுக் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. வன்னியின் மேற்குப் புறத்து வானம் அவ்வழியிலேயே உள்ளது. நிலத்திற் சென்ற வண்டியின் அச்சும் வானிற் சென்ற விமானத்தின் இறகும் ஒரே நோய்க்கு இலக்காகுபவை. அந்நோயின் பெயர் உலோகக் களைப்பு.

பாரம் மிகுந்தால் அச்சு முறியும் என்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. மயிலிறகேயாயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு தாங்காது என்பதை வள்ளுவர் வாயிலாகச் சிறுவர்களும் அறிவர். ஆயின் களைப்பு என்பது அதுவன்று. அச்சு தாங்கக்கூடிய பாரத்திற் பாதியே ஏற்றப்பட்டிருக்கலாம். ஒரு நாளும் அந்த அளவு கடக்கப்படாமல் இருக்கலாம். இருந்தும், அச்சிறு பாரமே இலட்சம் முறை ஏறி இறங்கினால், ஒரு நாள் காலையில், முன்னறிவித்தல் எதுவும் இன்றி அச்சு இரண்டாகப் போய்விடும். ஒரு மெல்லிய கம்பியை இருபுறமும் மாறி மாறி வளைத்து முறிப்பவன் செய்வதும் இதனையே. ஒருமுறை வளைப்பதால் முறியாத கம்பி, பலமுறை வளைப்பதால் முறிகின்றது.

இவ்வுண்மையை உலகிற்கு முதலிற் கற்பித்தது புகையிரதமே. 1842 மே 8ஆம் நாள் பிரான்சு நாட்டில், வேர்சாய் நகரிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய வண்டியின் இயந்திரத்தில் அச்சு ஒன்று முறிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறித் தீப்பற்றின. அக்கால வழக்கப்படி பெட்டிக் கதவுகள் வெளியே பூட்டப்பட்டிருந்தமையால் ஐம்பதுக்குக் குறையாதோர் உள்ளேயே மாண்டனர். உலகைக் கடல்வழி சுற்றிவந்த தளபதி தூமோன் தூர்வில் தம் குடும்பத்தோடு அதிலே மடிந்தார். நல்ல இரும்பு நாளடைவிற் பளிங்குத் தன்மை அடைந்து நொறுங்கிப் போகின்றது என்று பலர் அப்போது நம்பினர். முறிந்த முகம் பளிங்கு போல் மின்னியதே அதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த றாங்கின் என்னும் இளம் பொறியியலாளர் அதனை மறுத்தார். இரும்பின் இயல்பு மாறவில்லை. அச்சின் பருமன் திடீரெனக் குறையும் தோள் போன்ற இடத்தில் நுண்ணிய வெடிப்பொன்று தோன்றி, ஒவ்வொரு சுழற்சியிலும் சிறிது சிறிதாக உள்ளே வளர்கின்றது என்று அவர் காட்டினார். அவர் சொன்னது சரியே. ஆனால் பளிங்கு பற்றிய நம்பிக்கை அதன்பின்னும் நெடுங்காலம் சாகவில்லை. கண்ணுக்குத் தெரிந்த மினுக்கத்தை விட்டுக் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பை நம்புவது மனிதர்க்கு எளிதன்று.

வெடிப்பு உள்ளே வளர்வதாயின் அதனை வெளியிலிருந்து அறிவது எவ்வாறு? புகையிரதத்தார் கண்ட வழி எளியது. வண்டி நிலையத்தில் நின்றதும் ஒருவர் நீண்ட பிடியுள்ள சுத்தியலோடு இறங்கி ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிச் செல்வார். குறையற்ற சக்கரம் மணிபோல் ஒலிக்கும். வெடித்த சக்கரம் உடைந்த பானைபோல் மந்தமாக ஒலிக்கும். குயவரிடம் பானை வாங்கும் எவரும் விரலாற் சுண்டிப் பார்த்துச் செய்வதும் இதுவே. இம்முறையின் சிறப்பு ஒன்றுண்டு. தட்டினால் ஏதோ ஓர் ஒலி எழுந்தே தீரும். மறுமொழி இல்லை என்னும் நிலை அங்கே இல்லை.

இதற்கு அடுத்த படியில் ஏறியவர் பிரசிய நாட்டுப் புகையிரதப் பொறியியலாளர் அவுகஸ்ற் வேலர். அச்சு ஓடும்போது அது உண்மையில் எவ்வளவு வளைகின்றது என்பதை அவர் அறிய விரும்பினார். நின்ற வண்டியில் அளப்பதால் அது தெரியாது. ஆகவே அளக்கும் கருவியையே வண்டியிற் பொருத்தினார். அச்சு வளையுந்தோறும் கூரிய முள்ளொன்று துத்தநாகத் தகட்டிற் கீறியது. பயணம் முடிந்தபின் அக்கீறலின் நீளத்தை அளந்தால் அச்சு பட்ட பாட்டின் உச்சம் தெரியவரும். இருபதாம் நூற்றாண்டின் விமானங்களுக்குள் பதிக்கப்பட்ட நுண்ணுணரிகள் அனைத்துக்கும் மூதாதை என்று இத்துத்தநாகத் தகட்டைக் கூறினால் மிகையாகாது. வேலர் அத்தோடு நில்லாமல், தொழிற்சாலையில் அச்சுகளை இடையறாது சுழற்றி முறியும்வரை சோதித்து, 1870 வரை தம் முடிவுகளை வெளியிட்டார். தகைப்பு ஓர் எல்லைக்குக் கீழே இருப்பின் உருக்கு எத்தனை முறையும் தாங்கும். அவ்வெல்லைக்கு மேலாயின் அதன் ஆயுள் எண்ணப்பட்டதே. இதுவே அவர் கண்ட முடிவின் சாரம்.

உருக்குக்கு உள்ள அந்த எல்லை அலுமினியத்துக்குத் தெளிவாக இல்லை. எவ்வளவு சிறிய தகைப்பாயினும், முறைகள் பெருகப் பெருக அலுமினியம் ஒருநாள் வெடிக்கும். விமானங்கள் அலுமினியக் கலவையாற் கட்டப்பட்டவை. டகோட்டா போன்ற பழைய விமானங்கள் தாழப் பறந்தன. அறையில் அழுத்தம் ஏற்றப்படவில்லை. இறகினுள் பாரம் தாங்கும் உறுப்புகள் பல இருந்தன. ஒன்று தளர்ந்தாலும் மற்றவை தாங்கின. அதனாலே அவ்வினம் அரை நூற்றாண்டைக் கடந்தும் பறந்தது. எல்லா விமானங்களும் அத்துணை பேறு பெற்றவையல்ல. 1945 சனவரியில் அவுஸ்திரேலியாவில் ஸ்ரின்சன் வகை விமானம் ஒன்றின் இறகு வானத்திலேயே கழன்று 10 பேர் இறந்தனர். இறகின் முதுகெலும்பான உத்திரத்தில் களைப்பு வெடிப்பு இருந்தமை பின்னர் கண்டறியப்பட்டது. களைப்பினால் வீழ்ந்த பயணிகள் விமானம் என்று உறுதிசெய்யப்பட்டவற்றுள் அது முதலாவது என்பர். உலகம் அதனைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. கவனிக்க வைத்தது கொமெற்.

கொமெற் உலகின் முதலாவது தாரைப் பயணிகள் விமானம். 1952 மே 2இல் இலண்டனிலிருந்து ஜொகன்னஸ்பேர்க்குக்கு அதன் சேவை தொடங்கியது. அதே ஆண்டு ஓகஸ்டில் கொழும்புக்கும் அது வந்தது. 40,000 அடி உயரத்திற் பறந்தபோதும் உள்ளே 8,000 அடி உயரத்துக் காற்றையே பயணிகள் சுவாசித்தனர். அதன்பொருட்டு ஒவ்வொரு பறப்பிலும் விமானத்தின் உடல் பந்துபோல் ஊதப்பட்டு, இறங்கும்போது தளர்த்தப்பட்டது. ஒவ்வொரு பறப்பும் ஒரு வளைப்பு, ஒரு நிமிர்ப்பு.

சேவை தொடங்கிச் சரியாக ஓராண்டு நிறைந்த நாளில், 1953 மே 2இல், கல்கத்தாவின் தம்தம் நிலையத்திலிருந்து எழுந்த கொமெற் ஒன்று சில நிமிடங்களில் இடிமின்னற் புயலிற் சிக்கிச் சிதறியது. 43 பேர் மாண்டனர். இந்தியாவில் நடந்த விசாரணை, புயற்காற்றின் தாக்கினால் உடற்கட்டு சிதைந்தது என முடிவுசெய்தது. அடுத்த ஆண்டு சனவரி 10இல், சிங்கப்பூரிலிருந்து வந்து உரோமாபுரியிற் தங்கி எழுந்த மற்றொன்று எல்பாத் தீவருகே தெளிந்த வானத்தில் உடைந்து வீழ்ந்தது. 35 பேர் இறந்தனர். கொமெற்கள் நிறுத்தப்பட்டுப் பல திருத்தங்கள் செய்யப்பட்டன. உண்மைக் காரணம் எதுவென்று தெரியாமலே செய்யப்பட்ட திருத்தங்கள் அவை. மார்ச்சில் மீண்டும் பறக்க விட்டார்கள். ஏப்பிரில் 8இல் நேப்பிள்ஸ் அருகே 21 பேரோடு இன்னொன்று போயிற்று.

பின்னர் இங்கிலாந்தின் பாண்பரோவில் ஆர்ணல்ட் ஹோல் தலைமையில் நடந்த ஆராய்ச்சி பொறியியல் வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றது. பறந்து பழகிய கொமெற் ஒன்றின் உடலை மாபெரும் நீர்த்தொட்டியினுள் இறக்கி, இறகுகளை மட்டும் வெளியே நீட்டி வைத்தார்கள். உடலினுள் நீரைச் செலுத்தி அழுத்தம் ஏற்றுவதும் தளர்த்துவதும், இறகுகளை நீரியல் உந்திகளால் வளைப்பதும் இரவு பகலாக நடந்தன. காற்றினால் ஊதியிருந்தால் உடல் குண்டுபோல் வெடித்துச் சான்றுகள் அழிந்திருக்கும். நீரோ அழுத்த முடியாதது, உடைந்த இடத்திலேயே அமைதியாக நின்றுவிடும். அவ்விமானம் முன்பு மெய்யாகப் பறந்தவை 1,221 பறப்புகள். தொட்டியிற் பறந்தவை 1,836. மொத்தம் 3,057ஆவது முறையில், சாளரம் ஒன்றின் மூலையில் உடல் கிழிந்தது. எல்பாவில் வீழ்ந்தது 1,290 பறப்புகளையும், நேப்பிள்சில் வீழ்ந்தது ஏறத்தாழ 900 பறப்புகளையும் கண்டிருந்தன. சில மாதங்களின் பின் இத்தாலிய மீன்பிடிப் படகொன்றின் வலையில் எல்பா விமானத்தின் கூரைத்துண்டு அகப்பட்டது. வானொலி வாங்கிக்காக வெட்டப்பட்ட திறப்பின் மூலையருகே, தறையாணித் துளையொன்றிலிருந்து வெடிப்பு தொடங்கியிருந்தது.

இதில் நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்றுண்டு. கொமெற்றைக் கட்டியவர்கள் அசட்டையானவர்கள் அல்லர். உடலின் ஒரு பகுதியை அவர்கள் 16,000 முறைக்கு மேல் ஊதிச் சோதித்திருந்தனர், அது தாங்கியது. ஆனால் அதே பகுதியை அதற்கு முன்னரே, வலிமையைக் காட்டுவதற்காக, இயல்பான அழுத்தத்தின் இரு மடங்கு வரை ஊதியிருந்தனர். அந்த மிகை அழுத்தம் சாளர மூலைகளில் உலோகத்தைச் சற்றே நீட்டி இறுக்கி, களைப்பை எதிர்க்கும் வலுவை அதற்குத் தற்செயலாகக் கொடுத்துவிட்டது. பயணிகளைச் சுமந்த விமானங்களுக்கு அந்தக் கொடை கிடைக்கவில்லை. சோதனையே சோதித்தவரை ஏமாற்றிற்று. ஒரு மாதிரியைச் சோதித்து ஓர் இனம் முழுவதற்கும் ஆயுள் குறிப்பது போதாது. பறக்கும் ஒவ்வொரு விமானமும் தன் வாழ்க்கையைத் தானே சொல்லவேண்டும் என்னும் எண்ணம் இதன்பின் வலுப்பெற்றது.

அதற்கான கருவிகள் ஏற்கெனவே தனித்தனியே பிறந்திருந்தன. கம்பியை இழுத்தால் அதன் மின்தடை மாறும் என்பதைக் கெல்வின் பிரபு 1856இலேயே கண்டிருந்தார். 1938இல் அமெரிக்காவில் சிமன்ஸ், றூஜ் என்னும் இருவர், ஒருவரையொருவர் அறியாமல், மயிரிழைக் கம்பியை உலோகத்தின்மேல் ஒட்டி அதன் விகாரத்தை அளக்கும் முறையைக் கண்டனர். பாண்பரோவில் ஆக்கப்பட்ட களைப்புமானி இன்னும் எளியது. விமானம் காற்றிற் குலுங்குந்தோறும், அக்குலுக்கம் எந்தெந்தப் படியைக் கடந்தது என்று அது எண்ணிக்கொள்ளும். தரையிறங்கிய பின் எழுத்தர் எண்களைப் பதிவார். சூத்திரத்திலிட்டால் அப்பறப்பில் இறகின் ஆயுளில் எவ்வளவு செலவாயிற்று என்பது புலப்படும். வங்கிக் கணக்கில் மீதி பார்ப்பதை ஒத்த வேலை.

வாலியன்ற் என்னும் பிரித்தானியக் குண்டுவீச்சு விமானங்கள் இக்கணக்கின் அருமையைக் காட்டின. உயரப் பறப்பதற்கெனக் கட்டப்பட்ட அவற்றை, 1960களில் எதிரியின் கண்ணுக்குத் தப்பத் தாழப் பறக்குமாறு பணித்தார்கள். தாழ்வானத்துக் காற்று தடித்தது, குலுக்கம் மிகுந்தது. 1964இல் இறகு உத்திரங்களில் வெடிப்புகள் வெளிப்பட்டன. 1965 சனவரியில் அவ்வினம் முழுவதுமே ஒதுக்கப்பட்டது. விமானத்தின் முதுமை அதன் பிறந்த ஆண்டில் இல்லை, அது வாழ்ந்த வகையில் உள்ளது. பிறர் பறந்து முடித்த விமானத்தை வாங்கும் சிறு நாடுகளுக்கு இது ஏட்டுச் செய்தியன்று. பூச்சுப் பூசி வரும் விமானத்தோடு அதன் பறப்புக் கணக்கும் நேர்மையாக வரவேண்டும்; அது வராவிடின் வாங்குபவர் இருளிலேயே வாங்குகின்றார்.

ஆண்டைவிடப் பறப்பின் எண்ணிக்கையே பெரிது என்பதற்கு அவாயித் தீவுகள் மறக்கமுடியாத சான்றைத் தந்தன. 1988 ஏப்பிரில் 28இல் அலோகா நிறுவனத்தின் போயிங் 737 விமானமொன்று 24,000 அடி உயரத்திற் சென்றுகொண்டிருக்கையில், அதன் முன்புறக் கூரை பதினெட்டு அடி நீளத்துக்குப் பிய்த்தெறியப்பட்டது. பணிப்பெண் ஒருவர் வெளியே வீசப்பட்டு மறைந்தார். ஏனைய 94 பேரையும் விமானிகள் உயிரோடு மாவுயித் தீவில் இறக்கினர். அவ்விமானத்துக்கு வயது 19தான். ஆனால் தீவுக்குத் தீவு சராசரியாக 24 நிமிடம் பறந்து பறந்து 89,680 பறப்புகளைக் கண்டிருந்தது. உப்புக்காற்றில் தகடுகளின் ஒட்டு விட்டுப்போக, பாரம் முழுவதும் தறையாணிகளுக்கு வந்தது. அவற்றின் துளைகளில் அடுத்தடுத்துத் தோன்றிய சிறு வெடிப்புகள் ஒன்றாகச் சேர்ந்தன. விசாரணையிற் பயணி ஒருவர் கூறியது பலரையும் திகைக்கவைத்தது. ஏறும்போதே வாயிலருகே உடலில் ஒரு வெடிப்பைத் தாம் கண்டதாகவும், எவரிடமும் சொல்லவில்லை என்றும் அவர் சொன்னார். அறிந்தவர்கள் பார்த்திருப்பார்கள் என்று எண்ணி வாய் திறவாமலிருப்பது மனித இயல்பு. அவர்மீது குற்றம் சுமத்துவதிற் பயனில்லை.

நாணமும் தயக்கமும் அற்ற சாட்சி ஒன்றை விமானத்தின் உடலுக்குள்ளேயே வைத்துவிட்டால் என்ன என்பதே அதன்பின் எழுந்த முயற்சி. அதற்கு உதவியவற்றுள் ஒன்று ஒளியிழை. வளைந்த கண்ணாடி இழைகளினூடே ஒளி உருவத்தைக் கடத்தலாம் என்பதை 1954இல் இலண்டனிற் செய்துகாட்டியவர்களுள் ஒருவர் பஞ்சாபைச் சேர்ந்த நரிந்தர் சிங் கபானி. 1978இல் கனடாவில் கென் ஹில் என்பவர், இழையின் உள்ளே நுண்ணிய கோடுகளை ஒளியாலேயே பொறிக்கலாம் என்று கண்டார். அக்கோடுகள் ஒரே ஒரு நிறத்தை மட்டும் திருப்பியனுப்பும். இழை சற்று நீண்டால் கோடுகளின் இடைவெளி அகலும், திரும்பும் நிறமும் மாறும். தலைமயிரளவு பருமனுள்ள ஓரிழையில் பல இடங்களில் வெவ்வேறு கோடுகளைப் பொறித்து இறகினுள் பதித்தால், இறகு எங்கெங்கே எவ்வளவு வளைகின்றது என்பதை ஒரே முனையிலிருந்து வாசிக்கலாம். இடர் ஒன்றுண்டு: வெப்பத்தாலும் நிறம் மாறும். பலாலி ஓடுதளத்து நண்பகல் வெயிலும் மேல்வானத்து உறைகுளிரும் இழைக்கு இழுப்பாகவே தோன்றும். ஆதலின் பாரம் படாத இழையொன்றை அருகே வைத்து, வெப்பத்தின் பங்கைக் கழித்தே கணக்கிடல் வேண்டும்.

வெடிப்பு வளரும் கணத்தில் உலோகம் மனிதச் செவிக்கு எட்டாத மெல்லொலி எழுப்புகின்றது. செருமனியின் யோசேப் கைசர் 1950இல் இவ்வொலிகளை முறையாக ஆராய்ந்தார். இவ்வொலியைக் கேட்க உதவுவன, அமுக்கினால் மின்னூட்டம் தரும் படிகங்கள். அப்பண்பைக் கியூரி சகோதரர் 1880இற் கண்டறிந்தனர். அதே படிகங்களால் தகட்டினுள் அதிர்வை அனுப்பி, திரும்பும் அதிர்வைக் கேட்பதும் உண்டு. சுத்தியற்காரர் வெளியே செய்ததைப் படிகம் உள்ளிருந்து செய்கின்றது என்னலாம்.

இத்தகைய உணரிகள் பெருகியபோது எழுந்த கேள்வி ஒன்று இன்றும் பொறியியலாளரை வருத்துகின்றது. உணரி பேசாதிருந்தால் அதன் பொருள் என்ன? உடல் நலமாயுள்ளதா, அல்லது உணரி செத்துவிட்டதா? விமானம் முதுமையடையும் அதே முப்பது ஆண்டுகளில் உணரியும் முதுமையடைகின்றது. ஒட்டிய பசை காய்கின்றது. கம்பி முனை துருப்பிடிக்கின்றது. மாறாக, இல்லாத வெடிப்பை இருப்பதாகக் கூறி விமானத்தை வீணே நிறுத்தினால், இரண்டாம் முறையில் அதன் சொல்லை எவரும் நம்பார். அவுஸ்திரேலியாவிற் தோன்றிய வெற்றிட உணரிக்கு மதிப்பு ஏற்பட்டது இதனாலேயே. மெல்லிய ஒட்டுத்துண்டு ஒன்றில் மயிரிழை வாய்க்கால்கள் அடுத்தடுத்து ஓடும். ஒன்றில் வெற்றிடம், அடுத்ததிற் காற்று. அடியிலுள்ள உலோகம் வெடித்தால் காற்று வெற்றிடத்தினுட் கசியும். ஒட்டு விட்டுப்போனாலும் அவ்வாறே கசியும். எனவே வெற்றிடம் நிலைத்தால் உலோகமும் நலம், உணரியும் நலம். சுத்தியலின் பழைய நேர்மை இங்கே திரும்பி வந்துள்ளது. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுகூடம் இதனை ஆண்டுக்கணக்காகச் சோதித்தது. பயணிகளைச் சுமந்த போயிங் 737 விமானங்களிலும் இது பொருத்திப் பார்க்கப்பட்டது.

தென்னாசியாவில் இத்துறைக்கு வித்திட்டது 1959 சூன் 1இல் தொடங்கி அடுத்த ஆண்டு பெங்களூருக்கு இடம்மாறிய தேசிய விமானவியல் ஆய்வுகூடம். அதன் முதற் பணிப்பாளர் நீலகண்டன். 1965இல் அப்பொறுப்பை ஏற்ற வள்ளூரி, கலிபோர்னியாவில் உலோகக் களைப்பையே ஆராய்ந்தவர். முழு விமான உடற்கட்டைக் களைப்புக்கு உட்படுத்தும் சோதனை நிலையம் அங்கே அமைந்தது. இந்நூற்றாண்டில் அவ்வாய்வுகூடத்தார் நிசாந்த் என்னும் ஆளில்லா விமானத்தின் கலப்புப்பொருள் வாற்றண்டிற் கோடு பொறித்த ஒளியிழைகளைப் பதித்துப் பறக்கவிட்டு, அது பறப்பிற் பட்ட விகாரங்களைப் பதிவு செய்தனர். விமானி இல்லாத விமானத்தில் உடலின் குலுக்கத்தை உணர்ந்து சொல்ல வேறு எவரும் இல்லையன்றோ.

வயது முதிர்ந்த பயணிகள் விமானங்களில், உணரியின் சொல்லை மட்டும் கேட்டுப் பறக்கவிடும் துணிவு இன்னும் எங்கும் வரவில்லை. அணுகற்கரிய மூலைகளில், ஆசனங்களையும் தகடுகளையும் கழற்றினாலன்றிக் காணமுடியாத இடங்களிலேயே அவை பெரும்பாலும் ஒட்டப்படுகின்றன. மற்ற இடங்களில் விளக்கும் கண்ணாடியும் ஏந்திய பரிசோதகர், ஒவ்வொரு தறையாணி வரிசையையும் விரலாற் தடவிச் செல்கின்றார்.